சாக்ஸபோன் ரீடு: பழக்குவதும் பழகுவதும்

ஆல்ட்டோ சாக்ஸபோன் ரீடு பெரும்பாலும் பத்து கொண்ட பெட்டியாக வரும். அதில் மூணு நல்லது, நாலு சுமார், மூணு குப்பை என்பது வாசிக்கிறவர்களிடையே கிட்டத்தட்ட ஒரு பழமொழி. ஆளுக்கு ஆள் எண்கள் முன்னே பின்னே இருக்கும், புலம்பல் ஒன்றுதான். இந்தப் புலம்பலுக்கு மருந்தாக ஓர் அறிவுரையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அறிவுரை சுருக்கமாக இது. ஒரே நாளில் நாலு ரீடைத் திற. அடிப்பகுதியில் 1, 2, 3, 4 என்று எழுது. தண்ணீரில் ஊறவை. முதல் நாள் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிஷம், நடு ஸ்தாயியில், அதிகம் ஊதாமல் வாசி. சீவிய பகுதியை விரலாலோ தாளாலோ தேய்த்து 'துளைகளை அடை'. தட்டையான இடத்தில் காயவை. மறுநாள் பத்து நிமிஷம், அதற்கடுத்த நாள் பதினைந்து. ஒரு வாரம் கழித்து ரீடு 'பழகிவிடும்'. அப்புறம் ஒரு நாள் வாசித்ததை மறுநாள் தொடாதே, வரிசையாக மாத்தி மாத்தி வாசி. இப்படிச் செய்தால் ரீடு நீண்ட நாள் உழைக்கும்.

மூன்று வருஷம் நானும் இதை விரதம் மாதிரி அனுஷ்டித்தேன். "ரீடைப் பழக்காம வாசிக்கிறவன் காசைத்தான் ஊதுறான்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். இன்றைக்கு என் கருத்து வேறு. இந்த அறிவுரையில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதிக்கும் சொல்லப்படுகிற காரணம் தப்பு. காரணம் தப்பானதால் செய்முறையும் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ரீடு செய்யப்படுவது அருண்டோ டோனாக்ஸ் என்ற பெருநாணலிலிருந்து. பிரான்ஸின் தென்கிழக்கில் உள்ள வார் பகுதி இதற்குப் பேர்போனது. 1905ல் பாரிஸில் தொடங்கிய வாண்டோரன் நிறுவனம் இன்றும் அங்கே நாணல் வளர்க்கிறது. இரண்டு வயதான தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு கிடங்கில் பதமாகவிட்டு, பிளந்து சீவுகிறார்கள். முனையில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தடிமன். தண்டின் நீளவாக்கில் கெட்டியான நார்க்கற்றைகளும் அவற்றுக்கிடையே மென்மையான திசுவும் இருக்கின்றன. ஈரம் பட்டால் நீளத்தில் பெரிதாக மாற்றமில்லை, அகலத்திலும் தடிமனிலும் உப்பும். உலரும்போது சுருங்கும். எல்லா இடமும் ஒரே சீராக உலராததால் முனை அலை அலையாகிறது, அடிப்புறத்தின் தட்டையும் கெடுகிறது. மவுத்பீஸ் மேல் அது படியாவிட்டால் காற்று கசியும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரீடை மவுத்பீஸில் மாட்டி, மறுமுனையை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ரீடு ஒரு கணம் ஒட்டி நின்று 'டப்' என்று விட்டால் படிந்திருக்கிறது. ஒட்டவே இல்லையென்றால் எங்கோ கசிகிறது.

முதல் சில முறை நனைந்து உலரும்போதுதான் இந்த மாற்றங்கள் அதிகம். பிறகு ஓரளவு நிலைக்கு வரும். அந்த மட்டில் பழக்குதல் என்பதில் உண்மை இருக்கிறது. முதல் நாளே ஒரு ரீடைக் குப்பை என்று தூக்கிப்போடாதே, முதல் நாளே கத்தியோ உப்புத்தாளோ வைத்துச் சீவாதே, நாளைக்கு அது வேற ரீடா இருக்கும். இவ்வளவு சொன்னால் போதும்.

ஆனால் ஐந்து, பத்து, பதினைந்து என்ற நிமிஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? வாயில் வைத்து வாசித்தால் முனை சீக்கிரமே முழுக்க நனைந்துவிடுகிறது. ஐந்தாவது நிமிஷத்தில் கூடாத எது ஆறாவது நிமிஷத்தில் நடந்துவிடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. 'துளை அடைப்பதும்' இதே கதைதான். சீவிய பகுதியைத் தேய்த்தால் மேற்பரப்பு வழுவழுப்பாகும், உதட்டுக்கு இதமாக இருக்கும். அதற்காகச் செய்யலாம். தண்ணீர் உள்ளே போகாமல் அது தடுப்பதாக என் ரீடுகள் எதுவும் காட்டவில்லை. தேய்த்ததும் நனைந்தது, தேய்க்காததும் நனைந்தது.

ஊறவைப்பதிலும் ஒரு சிக்கல். இந்த நாணலில் தண்ணீரில் கரையும் சர்க்கரைப் பொருட்கள் கணிசமாக உள்ளன. 1990களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒபடாயாவும் நொரிமோட்டோவும் கிளாரினெட் ரீடுக்கான நாணலை ஆராய்ந்து, அந்தக் கரைபொருட்கள் அதன் விறைப்பையும் அதிர்வு அடங்கும் விதத்தையும் பாதிக்கின்றன என்று எழுதினார்கள். நனைக்க நனைக்க அவை கரைந்து வெளியேறும். அப்படியானால் பழக்குகிற வேலையும் தேய்கிற வேலையும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகின்றன. நீண்ட நேரம் கிண்ணத்தில் ஊறப்போடுகிறவர்கள் ரீடின் ஆயுளைக் கூட்டுகிறோம் என்று நம்புவது வேடிக்கைதான்.

இன்னொரு விஷயம், நல்ல ரீடைப் பழக்கி உருவாக்க முடியுமா என்பது. அடிலெய்டு பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பவர்கள் நல்லது என்று தேர்ந்த கிளாரினெட் ரீடுகளின் உள்ளமைப்பைப் பார்த்தார்கள். கற்றைகளைச் சுற்றியுள்ள நார் வளையம் முறியாமல் தொடர்ச்சியாக இருக்கும் விகிதம் நல்ல ரீடுகளில் அதிகம் என்று தெரிந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கே உருவகம் இல்லை, நேர்ப்பொருள். நார் எப்படி இருக்கும் என்பது வயலிலேயே முடிவாகிவிட்டது. பெட்டியில் உள்ள 2½, 3 என்ற எண்ணும் இதைச் சொல்லாது. ஒரே மாடல் ரீடுகளை ஒரே வடிவத்தில் வெட்டிய பிறகு, எவ்வளவு வளைகிறது என்று அளந்து போடுகிற எண் அது. வளைவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே நார் வேறு வேறாக இருக்கலாம்.

சரி, சுழற்சிக்கு வருவோம். "நாலு ரீடை மாத்தி மாத்தி வாசிச்சா நாலு மாசம் வரும்" என்கிறார்கள். வரத்தான் செய்யும். ஒரு ரீடு இருபது மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் அதையே வாசித்தால் இருபது நாள். நாலு ரீடை முறை வைத்து வாசித்தால் ஒவ்வொன்றும் எண்பது நாள். இதில் மிச்சம் எங்கே? நாலு ரீடு எண்பது மணி நேரம் உழைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கக் காய்வதால் கொஞ்சம் கூடுதல் ஆயுள் கிடைக்கலாம், மறுக்கவில்லை. நாலு மடங்கு என்பது மட்டும் ரீடின் குணமில்லை, வகுத்தல் கணக்கு.

அப்புறம் ஏன் நான் இன்னும் சுழற்சியை விடவில்லை?

எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாண பேண்டில் வாசிக்கிறார். ஒரு ரீடை மாட்டினால் முனை பிளக்கும் வரை அதேதான். பெட்டி வாங்கும் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. ரீடு தேயத் தேய மெத்தென்றாகும். ஆனால் அது ஒரு நாளில் நடப்பதில்லை. அவர் உதட்டுப் பிடியும் மூச்சும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டே வரும். சுருதி இறங்குவதும் நாதம் மெலிவதும் அவர் காதில் விழாது. ஒரு நாள் ரீடு பிளக்கும், புதுசு மாட்டுவார். பலகை மாதிரி இருக்கும். "இந்தப் பெட்டியே சரியில்லைங்க" என்பார். ரீடு சரியாகத்தான் இருக்கிறது. பழைய ரீடு அவரைப் பழக்கிவைத்திருந்தது. அடுத்த மூன்று நாள் கச்சேரி அவருக்கு நரகம்.

அந்த மூன்று நாளில் ரீடு பழகுகிறதா, அவர் பழகுகிறாரா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாததால்தான் பழக்கும் முறைகள் எல்லாமே பலிப்பதாகத் தோன்றுகின்றன. ஒரு வாரம் எந்த மந்திரம் சொன்னாலும் வார முடிவில் ரீடு நன்றாக இருக்கும், ஏனென்றால் ஒரு வாரம் அதில் வாசித்திருக்கிறோம்.

இதை என்னிடமே சோதித்துப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இதற்கில்லை. பத்து ரீடுக்கும் மார்க் போட்டு நோட்டில் எழுதினேன். பிறகு எந்த எண் என்று எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவரை மாட்டித் தரச் சொல்லி, சில நாள் விட்டுவிட்டு மறுபடி மார்க் போட்டேன். படுமோசமான இரண்டும் மிக நல்ல ஒன்றும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றன. நடுவில் உள்ள ஏழும் சீட்டுக்கட்டு கலைத்தது போல இடம் மாறின. மூணு நல்லது, நாலு சுமார் என்ற பழமொழியில் ரீடைப் பற்றி எவ்வளவு, அன்றைக்கு என் உதடு இருந்த நிலையைப் பற்றி எவ்வளவு என்ற சந்தேகம் அன்றுதான் வந்தது.

என் பார்வையில் சுழற்சியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அது ரீடைவிட வாசிப்பவரையே அதிகம் காக்கிறது. இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று மாறும்போது உதடு எந்த ஒரு ரீடின் சரிவோடும் சேர்ந்து சரியாது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் இன்னொன்று கையில் இருக்கும்.

காரணத்தை இப்படித் திருத்தினால் செய்முறையும் திருந்தும். ஒரே நாளில் நாலு திறப்பது தப்பு. நாலும் ஒன்றாகத் தேயும், நாலோடும் சேர்ந்து நாமும் தளர்வோம், நாலும் ஒரே வாரத்தில் சாகும். பேண்டுக்காரரின் அதே மூன்று நாள் நரகம், கொஞ்சம் தள்ளி வரும். திறக்கும் தேதிகள் சிதறியிருக்க வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று நடுவயசு, ஒன்று ஓய்வுக்குப் போகப்போவது. இதற்குப் பெட்டிகூட வேண்டாம். ஒற்றை ரீடாக விற்கும் கடைகள் உண்டு. சில வாரத்துக்கு ஒன்று வாங்கினால் போதும்.

'நல்ல ரீடு' என்ற தீர்ப்பையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதற்கு நல்லது? மேற்கத்திய அறிவுரைகள் பெரும்பாலும் அடிஸ்தாயி மெதுவாகப் பேசுகிறதா, நாக்கு வைத்தால் சுத்தமாக வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. நாகஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் கத்ரி கோபால்நாத். அந்த வழியில் வாசிக்க விரும்புகிறவர் கமகத்துக்கு வளைகிறதா, வளையும்போது நாதம் உடைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். விறைத்த ரீடு உதட்டுக்கு எளிதில் வளையாது. முதல் கணக்கில் ஓய்வுக்குப் போக வேண்டிய ஒன்று இரண்டாவது கணக்கில் இன்னும் சில வாரம் சம்பாதிக்கலாம்.

கடைசியாக வானிலை. ரீடு காய்ந்துவிடாமல் ஈரப்பதம் காக்கும் பெட்டியில் வை என்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும் ஊரில் அது சரி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் என் பிரச்சினை நேர் எதிர். மூடிய பெட்டியில் வைத்த ரீடு மூணே நாளில் கறுப்புப் புள்ளி போட்டுப் பூசணம் பிடித்தது. அறிவுரையை அட்சரம் பிசகாமல் பின்பற்றியதற்குக் கிடைத்த கூலி. இப்போது துடைத்து, கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாக வைத்து, காற்றாட உலர்ந்த பிறகே பெட்டிக்குள் போகிறது.

பேண்டுக்காரரிடம் இதெல்லாம் சொன்னபோது பாதிதான் கேட்டார். ஆனாலும் இப்போது மூன்று ரீடு வைத்திருக்கிறார். எண் எழுதவில்லை, திறந்த மாசத்தை எழுதியிருக்கிறார்: ஆனி, ஆடி, ஆவணி. எண்ணைவிட அது நல்ல ஏற்பாடு. நானும் அப்படியே மாற்றிக்கொண்டேன்.