கொடையும் அதிகாரமும்: சோழர் அரசகுலப் பெண்டிர் குறித்த மறுவாசிப்பு

சோழர் அரசகுலப் பெண்டிரைப் பற்றிய எழுத்துகளில் ‘பக்தி’, ‘கொடை’ என்னும் இரு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. செம்பியன் மாதேவி சிவபக்தை, குந்தவை கொடைவள்ளல். இவை பிழையான கூற்றுகள் அல்ல. எனினும், இப்புகழுரைகள் அப்பெண்டிர் செலுத்திய அதிகாரத்தை மறைத்துவிடுகின்றன என்பது நம் கருத்து.

கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, கைம்மை எய்திய பின்னரும் பல்லாண்டுகள் திருப்பணி புரிந்தார். திருநல்லத்துக் கோயிலைக் கணவர் பெயரால் கற்றளியாக எடுப்பித்தார். திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். முன்னோர் வழங்கிய அறக்கட்டளைகளுக்கு அக்கல்வெட்டுகளே சான்று. ஆவணங்களைக் காத்த இச்செயலைப் பக்தி என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது; இது நிருவாகச் செயலுமாகும். 985-இல் அரியணை முதலாம் இராசராசனிடம் சென்ற பின்னரும் அவருடைய அறப்பணிகள் தொடர்ந்தன. ஆயினும், கல்வெட்டுகள் அவரை மகள், தேவி, தாய் என்னும் உறவுகளாலேயே அறிமுகம் செய்கின்றன. உறவுமுறையே அவர் அதிகாரத்திற்கு வாயிலாகவும் எல்லையாகவும் அமைந்தது எனலாம்.

இராசராசனின் தமக்கை குந்தவையின் நிலையும் இத்தகையதே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மன்னன் கொடைக்கு அடுத்துத் தமக்கை கொடையையும் அதன் பின்னரே தேவியர் கொடையையும் வைக்கிறது. தாதாபுரத்தில் அவர் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்கும் கோயில்கள் எடுப்பித்தார். மூன்று சமயத்தாரையும் புரந்த இச்செயலில் அரசியல் நோக்கும் உண்டென நாம் கருதுகிறோம்.

ஆனால், அதே பெரிய கோயிலில் இன்னொரு பட்டியலும் உள்ளது. பல ஊர்க் கோயில்களிலிருந்து மன்னன் கொணர்ந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை 1014-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தருகிறது. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக அளிக்கப்பட்டன. பிற ஊர்களில் கோயிற்பெண்டிர் தம் கொடையால் உரிமைகள் பெற்றதை லெஸ்லி ஓர் 2000-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். தஞ்சைப் பட்டியல் அவ்வகையினதன்று. குந்தவையின் பெயர் அவர் எடுத்த முடிவுக்குச் சான்று. இவர்களின் பெயர்களோ இவர்களைப் பற்றிப் பிறர் எடுத்த முடிவுக்குச் சான்று. எனவே, பெயர் பொறிக்கப்பட்டமை ஒன்றையே ஆளுமைக்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது. அரசகுலப் பெண்டிரின் உயர்வைப் பெண்குலத்தின் உயர்வாகப் பொதுமைப்படுத்தும் வழக்கமும் இங்கே நிலைகுலைகிறது.

நம் மாணவர் பலர் குந்தவையை அறிவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தாலும், அதனை ஒட்டி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களாலுமே. அவ்வார்வத்தை நாம் மறுக்க வேண்டுவதில்லை. புதினம் படித்த மாணவர் முன் இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து, கொடுத்தவர் யார், கொணரப்பட்டவர் யார் என வினவுதல் வேண்டும். இடைக்காலப் பெண்டிர் வரலாற்றை அவ்வினாவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.