கொண்டை ஊசி வளைவில் எடுத்த படம்

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் வளைவுகளில் யாராவது மொபைலை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். மேகம், கீழே சமவெளி, தூரத்தில் காற்றாலை. ‘அப்படியே சுவிட்சர்லாந்து’ன்னு ஒரு கேப்ஷன் வேறு. படங்கள் அழகுதான். ஏலக்காய் மூட்டை மட்டும் எதிலும் இருக்காது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதே மலையில் நடக்கிற கதை. தேனி ஈஸ்வரின் கேமரா ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. மூட்டை சுமக்கும் ரங்கசாமியோடு ஒற்றையடிப் பாதையில் கூடவே ஏறுகிறது. சுமக்கிறவனுக்கு மலை என்பது ஏத்தமும் இறக்கமும்தான். மூச்சு வாங்க நிற்கிற இடம் எது, சுமையை இறக்கி வைக்கிற கல் எது என்பதுதான் அவனுக்கு முக்கியம். முதல் பாதியில் கதையே நகரலையேன்னு சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்த நடைதான் படம். நிலம் வாங்கும் கனவோடு கொண்டுபோகிற மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது நமக்கு வயிறு கலங்குவது, அவ்வளவு தூரம் நாமும் நடந்திருப்பதால். சங்கம், கட்சி வருகிற பகுதிதான் கொஞ்சம் அவசரம்.

கடைசியில் கேமரா நிதானமாக மேலே எழும்புகிறது. தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே ரங்கசாமி இப்போது காவலாளி. உயர உயர அவன் புள்ளியாகிறான். சுற்றிலும் காற்றாலைகள் விரிகின்றன. வளைவில் நின்று நாம் எடுக்கிற அதே படம்.