ஓவியமும் பெயர்ச்சீட்டும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை நிரல்பட அடுக்கியுள்ளார் என்பது தமிழன்பர் பலரும் அறிந்ததே. எனினும், அப்பெயர்களுள் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெயர் நம்மிடம் உளது, உருவம் இல்லை. ஒவ்வொரு பெயரோடும் ஒரு சிறு வரைபடம் வழிவழியாக வந்திருக்குமாயின் இவ்வழக்கு எழுந்தே இராது. அறிவியல் ஓவியத்தால் யாது பயன் என வினவுவோர்க்கு இதுவே விடை.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் நம் நாட்டில் இதற்கு நேர்மாறான குறையொன்று நேர்ந்தது. செடிகளும் பறவைகளும் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டன. உருவம் கிடைத்தது, ஆயின் வரைந்தவன் பெயர் மறைந்தது. இவ்வோவியங்களை இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் எவ்வாறு காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதற்கண், அறிவியல் ஓவியம் கண்ணாடி காட்டும் நிழலன்று என்பதை உணர்தல் வேண்டும். தோட்டத்தில் நிற்கும் ஒரு செடியில் ஓர் இலையைப் புழு அரித்திருக்கும். ஒரு கிளை ஒடிந்திருக்கும். ஓவியன் அவற்றை விலக்கி, அவ்வினத்திற்கே உரிய இயல்பை வரைகின்றான். பல வேளைகளில் ஒரே காலத்தில் காண இயலாத மொட்டையும் மலரையும் கனியையும் ஒரே தாளில் கூட்டுகின்றான். தாளின் அடியில் மகரந்தத் தாளையும் சூற்பையையும் அறுத்து, பெரிதாக்கிக் காட்டுகின்றான். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தீர்ப்பு அங்கே நிகழ்கின்றது. ஆதலின் அவனை வெறும் படியெடுப்பவன் எனல் பொருந்தாது.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இவ்வுண்மையை ஓரளவேனும் உணர்ந்திருந்தார். அவர்தம் தாவர நூல்களுக்கு 1820-களின் நடுப்பகுதியிலிருந்து 1845 வரை ரங்கையாவும், அதன்பின் கோவிந்துவும் படம் வரைந்தனர். கீழை இந்தியத் தாவரப் படங்களின் தொகுப்பாக அவர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் 2,101 படங்கள் சென்னையிலேயே கல்லச்சில் பதிப்பிக்கப்பெற்றன. அப்படங்கள் பலவற்றின் ஓரத்தில் ஓவியர் பெயரும், 'இவர் வரைந்தார்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கமாகிய 'டெல்' என்பதும் காணப்படும். மேலும், ஆர்க்கிட் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்குக் 'கோவிந்தூயியா' எனப் பெயரிட்டு வைட் தம் ஓவியரைச் சிறப்பித்தார். அச்செடி 'ட்ராபிடியா' என்னும் பேரினத்தைச் சார்ந்ததெனப் பின்னர்க் கொள்ளப்பட்டமையால் அப்பெயர் வழக்கிழந்தது. அறிவியலின் விதி அது, அதனைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும் விதியால் நீங்கிய பெயரைச் சுவரில் எழுதிவைக்க எந்த விதியும் தடையன்று.

வைட் செய்ததை அனைவரும் செய்தாரல்லர். ஆந்திரக் கடற்கரையில் தொடங்கி, 1793 முதல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோ 2,500-க்கும் மேற்பட்ட படங்களை வரைவித்தார். ஒரு தொகுதி கல்கத்தாவில் தங்கியது. மற்றொன்று லண்டன் சென்று இன்று கியூ தோட்டத்தில் உளது. அவற்றை வரைந்த இந்தியருட் பெரும்பாலோர் பெயர் அறியக் கிடைக்கவில்லை. அதே கல்கத்தாவில், தலைமை நீதிபதியின் மனைவியாராகிய மேரி இம்பே அம்மையார் 1777 முதல் வரைவித்த பறவைப் படங்களிலோ, ஜைனுத்தீன், பவானிதாஸ், ராம்தாஸ் ஆகிய பாட்னா ஓவியரின் பெயர்கள் தாளிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, பெயரைக் குறித்தல் அக்காலத்தார்க்கு இயலாத செயலன்று. குறித்தவரும் இருந்தனர், குறியாதவரும் இருந்தனர்.

இத்தகைய ஓவியங்கள் காட்சிக்கு வரும்போது இருவகை வழக்குகள் காணப்படுகின்றன. இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் பழைய வழக்கு, செடியின் இலத்தீன் பெயரையும் திரட்டியவர் பெயரையும் மட்டும் எழுதி நிறுத்துவது. அங்கே ஓவியம் சான்றுப்பொருளாகின்றது. சான்று கூறியவன் காணாமற் போகின்றான். கலைக்கூடங்களின் வழக்கு இதற்கு மாறானது. லண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் 2019 டிசம்பரில் தொடங்கிய கண்காட்சி, கம்பெனி கால இந்திய ஓவியரை 'மறக்கப்பட்ட மேதைகள்' எனத் தலைப்பிலேயே போற்றியது. காலந்தாழ்ந்தேனும் கிடைத்த இப்பெருமை மகிழ்தற்குரியது. ஆயினும் அழகை மட்டும் போற்றும் கண்ணுக்குத் தாளின் அடியிலுள்ள சூற்பையின் குறுக்குவெட்டு வெறும் அணிகலனாகிவிடும். அவ்வோவியன் பெரிதும் உழைத்த இடமோ அதுதான். ஒரு வழக்கு கலைஞனை மறக்கின்றது. மற்றொன்று அவன் செய்த வேலையை மறக்கும் இடருடையது.

இனி, நடைமுறைத் தடையொன்றும் உண்டு. நீர்வண்ணம் ஒளியால் மங்கும், மங்கியது மீளாது. ஆதலின் இவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவான மெல்லொளியில், சில மாதங்களே காட்டிப் பின் இருளில் வைப்பர். ஆண்டு முழுதும் மூலத்தையே காணவேண்டும் என விழைதல் ஓவியத்தை அழிப்பதாகும். நல்ல படிகளை நிலையாக வைத்து, மூலத்தை முறைவைத்துக் காட்டுதலே தக்கது. புது தில்லியில் 1978-இல் திறக்கப்பெற்ற தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையானதை மறந்தோமில்லை. ஒரு பொருளுக்குப் படியும் பதிவும் வேறிடத்தில் இருத்தலின் இன்றியமையாமையை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? உலர்த்திய செடி, அதனைக் கண்டு வரைந்த ஓவியம், அவ்வோவியத்தினின்று எழுந்த கல்லச்சுப் படம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தல் வேண்டும். கையில் ஒரு பூதக்கண்ணாடி தருதல் வேண்டும். பெயர்ச்சீட்டில் செடியின் பெயர், வரைந்தவர் பெயர், வரைவித்தவர் பெயர் என மூன்றும் ஒரே அளவு எழுத்தில் அமைதல் வேண்டும். பெயர் அறியப்படாதவிடத்து அவ்விடத்தை வெறுமையாக விடாது, 'பெயர் அறியப்படாத இந்திய ஓவியர்' என்றேனும் எழுதுதல் நேர்மை. செடிக்கு உள்ளூர் மொழியில் வழங்கும் பெயரையும் சேர்ப்பின், பார்க்க வரும் சிறுவன் அதனைத் தன் வீட்டுப் புறக்கடையில் கண்டதெனத் தெளிவான்.

ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த தாள்கள் பல இன்று எடின்பரோத் தாவரத் தோட்டத்தில் பேணப்படுகின்றன. அங்குப் பணியாற்றிய ஹென்றி நோல்டி என்னும் அறிஞர் 2007-இல் அவ்விருவர் பெயரையும் தலைப்பிலேயே தாங்கிய நூலொன்றை வெளியிட்டார். தென்னாட்டு மண்ணில் முளைத்த செடிகள், தென்னாட்டுக் கைகள் வரைந்த வடிவில், கடல் கடந்து வாழ்கின்றன. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சென்ற இடத்தில் சோறும் கூரையும் கிடைத்தால் போதாது. நம்மைப் பெயர் சொல்லி அழைப்பாரும் வேண்டும். அடுத்தமுறை மக்களை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகம் செல்லும் அன்பர்கள், ஓவியத்தைக் கண்டு வியந்தபின் பெயர்ச்சீட்டையும் படிக்க. அதில் வரைந்தவன் பெயர் இல்லையேல், ஏன் இல்லை என வினவுக. வினவுவார் பெருகின் பெயர்ச்சீட்டும் திருந்தும்.