பாலில் ரப்பர் இருந்ததா? வைசேடிகமும் நம் மலாக்கா வகுப்புகளும்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு வைசேடிகத்தின் தோற்றம் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். சித்தாந்தம் பயிலும் சபையின் மலரில் புறச்சமயத்துக்கு ஏன் இடம் என்று மூத்தோர் யாரேனும் கேட்கக்கூடும். ஆனால் புறச்சமயம் ஆறையும் எண்ணும்போது தருக்கத்தைத்தான் நம் பெரியோர் முதலில் வைத்தார்கள். மாபாடியம் அருளிய சிவஞான முனிவரே அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் அதன் தீபிகையையும் தமிழாக்கித் தந்தார். முனிவர் சிவனடி சேர்ந்தது 1785இல். நம் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் எழுந்தது. துக்காங் எமாஸ் தெருவில் நாம் கைகூப்பி நிற்கும் அந்தச் சந்நிதி எழுந்தபோது, தமிழில் தருக்கம் பேசிய அந்த வாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தது என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வைசேடிகம் பகுக்கும் பதார்த்தங்களை எண்ணிக் காட்டி அங்கத்தினரின் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். தோற்றத்துக்கு வருகிறேன்.

அறுத்த வயலில் சிதறிக் கிடந்த மணிகளைப் பொறுக்கி உண்டதால் வைசேடிகச் சூத்திரம் செய்தவருக்குக் கணாதர் என்று பெயர் என்பது மரபு. உலூகர் என்றும் சொல்வார்கள். உலூகம் என்றால் ஆந்தை. சிவபெருமானே ஆந்தை வடிவில் வந்து அவருக்கு இத்தத்துவத்தை உணர்த்தினார் என்ற கதையும் உண்டு. அவர் வழியில் பின்னாளில் நூல் செய்த பிரசத்தபாதர் அதை முடிக்கும்போது, யோகத்தால் மகேசுவரனை மகிழ்வித்து இச்சாத்திரம் செய்தவர் என்றே கணாதரை வணங்குகிறார். ஆனால் பத்து அத்தியாயச் சூத்திரத்தைத் தேடிப் பார்த்தால் இறைவன் பெயர் வெளிப்படையாக எங்கும் இல்லை. ஒரு சுட்டுச்சொல்லுக்குள் அவனைக் கண்டவர்கள் உரையாசிரியர்கள். இதை மறைக்காமல் சொல்வதுதான் முறை என்று எனக்குப் பாடம் சொன்ன எங்கள் ஐயா சொல்வார். அந்தச் சூத்திரம் அணுவில் தொடங்கவில்லை, அறத்தில் தொடங்குகிறது என்பதையும் அவர் விடாமல் சொல்லுவார்.

குணம் சூத்திரத்தில் 17. பிரசத்தபாதர் அதை 24 ஆக்கினார். இன்மை ஏழாம் பதார்த்தமானது பின்னாளில். சந்திரானந்தரின் பழைய உரை 1961இல் ஜம்புவிஜய முனிவர் பதிப்பில் வெளிவந்த பிறகுதான் பல சூத்திரங்களின் பழைய பாடம் தெரியவந்தது. நூலின் பாடமே இப்படி மாறி வந்திருப்பதால், கணாதர் கி.மு. 600 என்று ஆணியடித்தாற்போல் எழுதுகிறவர்கள் சற்று நிதானிப்பது நல்லது.

தமிழுக்கு இது வந்தது நேற்றல்ல. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கரைக் கேட்கும் காதையில் வைசேடிகவாதியும் நிற்கிறான். பொருள் முதல் கூட்டம் வரை ஆறையும் சொல்கிறான். சமவாயத்துக்குச் சாத்தனார் தந்த தமிழ் ‘கூட்டம்’. அதே காதையில் ஆசீவகவாதி நிலம், நீர், தீ, காற்றோடு உயிரையும் அணுவாக்கி ஐந்து என்கிறான். வைசேடிகத்துக்கோ அணுவகை நான்குதான், ஆகாயம் அணுவாகாது. நீலகேசி வைசேடிகத்துக்குத் தனிச் சருக்கமே ஒதுக்கி வாதாடுகிறது. இவற்றையெல்லாம் வைத்துக் கணாதர் தமிழரே என்றும், புறநானூற்றுப் பக்குடுக்கை நன்கணியாரே பாலி நூல்கள் சொல்லும் பகுத கச்சாயனர் என்றும் வாதிடும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் தமிழ்ப்பற்றை வணங்குகிறேன். பெயரொலி மட்டும் சான்றாகாது என்று பணிவோடு சொல்லி அமைகிறேன்.

இனி எங்கள் ஐயா.

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அந்த மரத்தின் பின்னால்தான் நம்மவர்கள் இந்த மாநிலத்துத் தோட்டங்களுக்கு வந்தார்கள். தேவாரமும் சித்தியாரும் அவர்களோடு வந்தன. ஐயா ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் புகைவீட்டு வேலை பார்த்தவர். அவருக்குப் பாடம் சொன்னவர் நாவலர் பதிப்புகளில் ஊறிய யாழ்ப்பாணத்துக் கிராணியார். பட்டணத்து வகுப்புகள் ஆதீன வழி. எங்களுடையது கிராணியார் வழி. இரண்டும் ஒரே கடலில் சேர்பவைதான். ஆனாலும் சூத்திரத்தை ஒப்பிக்காமல் உரைக்குப் போகக்கூடாது என்ற கண்டிப்பு எங்கள் பக்கம் கூடுதல்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பிற்பகல் ஐயா என்னைப் புகைவீட்டுக்குள் கூட்டிப்போனார். உள்ளே இருட்டு. கழிகளில் வரிசை வரிசையாக ரப்பர் ஷீட்டுகள். தகரக் கூரையில் ஆணி போன ஓட்டை வழியே ஒரு கோல் வெயில் சாய்ந்து இறங்கியது. அதற்குள் துகள்கள் சுற்றிச் சுற்றி மிதந்தன.

“என்ன தெரியுது தம்பி?”

“அணு, ஐயா.”

“இல்லை. இது திரியணுகம். இரண்டு அணு சேர்ந்தால் துவியணுகம். மூன்று துவியணுகம் சேர்ந்தால்தான் இந்தத் தூசி. நீ பார்க்கிறதில் ஆறில் ஒன்று அணு. அதைப் பார்க்க முடியாது, ஊகித்துத்தான் அறியணும்.”

பிறகு ஒரு ஷீட்டைத் தொட்டுக் காட்டினார். காலையில் வாளியில் வந்தது வெள்ளைப் பால். தொட்டியில் ஊற்றி ஆசிட் கலந்தால் உறைகிறது. உருளையில் கொடுத்துத் தொங்கவிட்டுச் சில நாள் புகை போட்டால் தேன் நிறமாகிறது. “பாலில் இந்த ரப்பர் இருந்ததா? இல்லை, புதுசாய்ப் பிறந்ததா?” புதிதாய்ப் பிறந்தது என்பான் வைசேடிகன், உறுப்புகள் கூடி, முன்பு இல்லாத முழுமை ஒன்று தோன்றியது என்பான். நம் சித்தாந்தமோ, இல்லாதது தோன்றாது, பாலுக்குள் அது ஒடுங்கி இருந்தது என்னும். நிறம் எங்கே மாறியது என்பது அடுத்த கேள்வி. சூளையில் வைத்த பச்சைக் குடம் அணு அணுவாய்ப் பிரிந்து, அணுக்களே சிவந்து, மறுபடி கூடிக் குடமாகிறது என்பது வைசேடிகர் கட்சி. குடம் குடமாகவே இருந்து சிவக்கிறது என்பது நியாயர் கட்சி. ஷீட்டுக்கு எது பொருந்தும் என்று ஒரு வாரம் யோசித்து வரச் சொன்னார். ஒரு வாரம் நிரையில் அம்மாவுக்கு மங்கு துடைத்துக்கொடுத்தபடியே யோசித்தேன்.

இன்று நடப்பதைச் சொல்லாமல் விட்டால் ஐயாவுக்குத் துரோகம் செய்தவனாவேன். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இன்றைய வகுப்பாசிரியர்கள் சொந்தப் பெட்ரோல் செலவில் அலோர்காஜா, மெர்லிமாவ் என்று ஓடி உழைக்கும் நல்லவர்கள். ஆனாலும் அண்மையில் ஒரு சொற்பொழிவில், “வைசேடிகம் என்றால் விசேஷமான தத்துவம்” என்று விளக்கம் சொல்லப்பட்டது. விசேடம் என்பது வீட்டு விசேஷமா? ஒரே மண்ணின் இரண்டு அணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறாக்கும் கடைசித் தனித்தன்மையல்லவா அது? பெயருக்கே பொருள் போனால் மிச்சம் என்ன? அடுத்து அணுகுண்டுப் படம் திரையில் வந்தது. டால்டனுக்கு முன்பே நம்மவர் என்றதும் கைதட்டல். டால்டன் எடை பார்த்துக் கணக்கிட்டார், கணாதர் பதார்த்தம் பகுத்தார். இரண்டும் வேறு வேலை. கேட்க ஒருவர் எழவில்லை. மூன்று மணி நேரப் பாடம் இருபது நிமிடமாகிவிட்டது, அதிலும் தேநீர் இடைவேளை. ஒப்பித்தல் போய், தேர்வில் சரியான விடைக்கு வட்டமிடுகிறார்கள். சமவாயத்தைச் ‘சமவயம்’ என்று அச்சிட்ட தாளைத் திருத்தாமலே கொடுக்கிறார்கள். இந்த அசட்டை அங்கேயே நிற்கவில்லை. ஆலய அறிவிப்பில் ழகரம் போயிற்று, திருமண அழைப்பில் சந்தி போயிற்று, திருமுறை ஓதும்போது கைத்தொலைபேசி மணி அடிக்கிறது, அடித்தவர் எழுந்து போய்ப் பேசிவிட்டும் வருகிறார். ஒரு சூத்திரத்துக்கு அசையாமல் உட்கார முடியாத பிள்ளை நாளை எதற்கு உட்காரும்? தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதுகூட எனக்கு இத்தனை துக்கம் வரவில்லை.

ஐயாவின் கையெழுத்தில் தருக்க சங்கிரகக் குறிப்பு ஒன்று, நீலக்கோட்டுக் கணக்கு நோட்டில், என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் புகைக்கறை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் அதைத் திறந்து வைத்திருப்பேன். வருகிறவர்கள் உட்கார்ந்து கையால் பகர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன்.