கம்பின் நீளமே நரம்பின் நீளம்

உத்தமபாளையத்திலிருந்து வீரபாண்டி வரை முல்லைப்பெரியாற்றங்கரையில் தூண்டில் போடுகிறவர்களில் கைதேர்ந்தவர் யார் என்று அறிய, அவர் மீனைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கரைக்கு வரும்போது என்ன கொண்டு வருகிறார் என்று பார்த்தாலே போதும். ஒரு மூங்கில் கம்பு. அதன் நுனியில் சுற்றிய தங்கூசி நரம்பு. அந்த நரம்பிலேயே மிதப்பும் ஈயமும் முள்ளும். இன்னொரு கையில் ஈரமண்ணும் புழுவும் போட்ட கொட்டாங்குச்சி. சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் மாற்று முள் இரண்டு மூன்று. பை கிடையாது, வாளி கிடையாது. பிடித்த மீனைக் கோக்க ஓர் ஈர்க்கு வேண்டுமே என்றால், அதைத் தருவதற்குக் கரை முழுக்கத் தென்னந்தோப்பு இருக்கிறது.

கடையில் தூண்டில் சாமான் வாங்கப் போனால் மனம் அலைபாயும் என்பது எனக்குத் தெரியும். இழுத்தால் நீளும் ஃபைபர் ராடு, பளபளக்கும் ரீல், ரப்பர்த் தவளை, பல அடுக்குப் பெட்டி என்று எல்லாம் இப்போது கிடைக்கிறது. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் நின்று பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்ட ஒன்று உண்டு. கையிலிருந்து ஒரு சாமானைக் கீழே வைக்கும்போது அது செய்த வேலையை மணிக்கட்டோ கண்ணோ எடுத்துக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி வேலையை உடம்புக்கு மாற்றி வந்தவர்கள். அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது, இனி எதை எடுத்தாலும் மீன் கிடைக்காது என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒரு கருவி. அதன் அழகு அங்கேதான் இருக்கிறது.

கம்பிலிருந்து தொடங்கலாம். மலையடிவாரத்து ஊர்களில் கிடைக்கும் கல்மூங்கில் உறுதியானது, ஆனால் கனம். அரைமணி நேரம் நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு சொல்லிவிடும். அதனால் கை அறிந்தவர்கள் அடி சற்றே பருத்து, கணுக்கள் நெருங்கி, நுனி விரல் பருமனுக்கும் குறைந்து ஒடுங்கிய மெல்லிய கம்பைத் தேடுவார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு அடி இருக்கும். வெயிலில் போட்டால் வெடிக்கும் என்பதால் நிழலில் காயவைப்பார்கள். வளைவு இருக்கும் இடத்தை வைக்கோல் தீயில் வாட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்துவார்கள். நல்ல கம்பை அடியில் பிடித்து லேசாக உதறினால் அசைவு நுனியில் மட்டும் நிற்கும், நடுவில் தொங்காது. கரையில் இன்னொருவர் கம்பைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது இந்த உதறல்தான்.

நரம்பின் நீளத்தில்தான் இந்தக் கலையின் கணக்கு அடங்கியிருக்கிறது. கம்பை நேராக நிமிர்த்தினால் முள் நெஞ்சுக்கு நேரே வந்து தொங்க வேண்டும். ஒரு முழம் குறைந்தால் மீனை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு முழம் கூடினால் மீன் ஊஞ்சலாடித் தோளைத் தாண்டிப் போய்ப் புங்கமரக் கிளையில் சிக்கும். சரியான நீளத்தில் கட்டியிருந்தால், கம்பை உயர்த்திய அந்த ஒரே வீச்சில் கெண்டை தானாக வந்து இடது உள்ளங்கையில் உட்காரும். வலைக்கூடை வேண்டாம், ரீல் வேண்டாம். இந்த ஆற்றில் மீன் படுக்கிற இடம் பெரும்பாலும் கரையோரக் கோரைக்கும் நாணலுக்கும் பக்கத்தில், மர நிழலில், தடுப்பணைக்குக் கீழே சுழலும் நீரின் ஓரத்தில் என்பதால் தொலைவுக்கு வீச வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. உத்தமபாளையத்தில் ஒரு பெரியவரிடம், “இன்னும் நாலடி நரம்பு விட்டா நடு ஆத்துல போடலாமே, மாமா?” என்று கேட்டேன். “கம்பு எட்டாத மீனு எனக்கு எதுக்குப்பா? காலடியில கெடக்கிறதையே நீ இன்னும் பாக்கலயே” என்றார். சொல்லிவிட்டு, நான் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி, கோரை ஓரத்தில் முள்ளை இறக்கினார்.

வீசுவதிலும் ஒரு நயம் உண்டு. கிளை தாழ்ந்த இடத்தில் கம்பைத் தலைக்கு மேல் ஓங்க முடியாது. அப்போது முள்ளுக்கு மேலே நரம்பை இடது கையில் பிடித்து இழுத்து, கம்பின் நுனியை வளைத்து, சட்டென்று விடுவார்கள். நுனி நிமிரும் விசையில் புழு தாழப் பறந்து, கிளைக்கு அடியில், நினைத்த இடத்தில், சத்தமில்லாமல் விழும்.

மிதப்பைப் பற்றி மட்டும் பேசினாலே ஒரு மாலைப்பொழுது போதாது. தேனி மாவட்டத்துத் தோட்டங்களில் மயில் நடமாட்டம் அதிகம், உதிர்ந்த தோகைக்குப் பஞ்சமில்லை. அந்தத் தோகைத் தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்தால் அதைவிட நல்ல மிதப்பு கிடையாது. உள்ளே வெண்பஞ்சு போன்ற நெட்டி, வெளியே நீர் புகாத தோல். சிலர் சோளத்தட்டையின் உள்நெட்டியை வைத்துக்கொள்வார்கள், ஆனால் அது ஊறிக் கனத்துவிடும். தோகைத் தண்டை நரம்போடு சேர்த்துப் பிடிக்கச் சைக்கிள் வால்வு டியூபில் நறுக்கிய சின்ன வளையம் மேலே ஒன்று, கீழே ஒன்று. வளையம் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் விரலால் தள்ளினால் நகரும். இப்படி நகர்வதுதான் இந்த ஆற்றில் முக்கியம்.

ஏனென்றால் இது மழையை மட்டும் நம்பி ஓடும் ஆறு இல்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீரை, பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் தடுத்துத் தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் அதைக் கிழக்கே திருப்பியது. இன்று அந்த நீர் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு ஆற்றுக்கு வருகிறது. பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கருக்கும் இதுதான் உயிர்நீர். ஜூனில் முதல் போகத்துக்குத் திறந்துவிட்டால் ஆறு ஏறும், அணையில் அடைத்தால் இறங்கும். வானம் தெளிவாக இருக்கும்போதே காலையில் முழங்கால் ஆழமாக இருந்த இடம் மாலையில் இடுப்பளவு ஆகலாம். அதனால் இங்குள்ளவர் பெரியாற்று நீர்மட்டத்தையும் எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்பதையும் காலைப் பேப்பரில் பார்த்துவிட்டே கம்பை எடுக்கிறார். தண்ணீர் ஏறியிருந்தால் மிதப்பை மேலே தள்ளுகிறார், இறங்கியிருந்தால் கீழே. ஐந்தாறு விதமான மிதப்புகளைப் பெட்டியில் சுமப்பதற்குப் பதில் ஒரே தோகைத் தண்டும் இரண்டு ரப்பர் வளையமும் ஆற்றோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். லட்சக்கணக்கான மக்களின் நெல்லையும் குடிநீரையும் தீர்மானிக்கிற அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு, அரை அங்குல ரப்பர் துண்டு தன் அளவில் பதில் சொல்கிறது.

ஈயம் மிதப்போடு சேர்ந்தது. மிதப்பின் நுனி மட்டும் நெல்மணி அளவு தண்ணீருக்கு மேலே தெரியும்வரை ஈயத்தைக் கத்தியால் செதுக்கிச் செதுக்கிக் குறைப்பார்கள். மிதப்பு அதிகம் துருத்திக்கொண்டிருந்தால், இரையை இழுக்கும் மீனுக்கு அது எதிர்த்து இழுப்பது தெரிந்துவிடும், துப்பிவிடும். முள்ளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதையும், கெண்டையின் வாய் சிறியது என்பதையும் மறக்காமல் இருந்தால் போதும். கண்ணில்லாத தட்டைத் தலை முள்ளானால் நரம்பை அதன் காம்பில் ஆறேழு சுற்றுச் சுற்றி, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வின் சூட்டில் அந்த இடம் பலம் இழந்துவிடும்.

மீன் வகைக்கு ஒரு கருவி வேண்டாமா என்று கேட்கலாம். அந்தப் பகுப்பைக் கண் செய்கிறது. மிதப்பு நின்ற இடத்திலேயே படபடவென்று துடித்தால் கெண்டை. சற்றுக் கொறித்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போனால் ஜிலேபி. நேரே கீழே போய் மறைந்தால் கெளுத்தி, அதைப் பிடிக்கும்போது முதுகு முள்ளுக்கும் பக்க முள்ளுக்கும் நடுவே விரலை வைக்கத் தெரிய வேண்டும். மெல்ல, அவசரமே இல்லாமல், அமிழ்ந்தும் அமிழாமலும் இழுபட்டால் ஆரல். கெண்டைக்கு உடனே சுண்ட வேண்டும், ஆரலுக்குக் காத்திருக்க வேண்டும். தேர்ந்தவர் மிதப்பைப் பார்த்தபடியே, மீன் வெளியே வருமுன் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். இரையும் கரையிலேயே இருக்கிறது. வாழைத்தோட்டத்து வாய்க்கால் ஓரத்தைக் கிளறினால் புழு. அது இல்லாவிட்டால் வரப்பில் வெட்டுக்கிளி, வீட்டிலிருந்து கொஞ்சம் பிசைந்த கோதுமை மாவு. விராலுக்கு மட்டும் ஆள் மாற வேண்டும். மிதப்பையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு, சற்றுப் பெரிய முள்ளில் சிறு தவளையைக் கோத்து, கண்மாயின் பாசிக்கு மேலே தத்தித் தத்திப் போவதுபோல் ஆட்டுவார்கள். ஏற்கெனவே குறைவாக இருக்கும் கருவி இன்னும் குறைந்து கம்பு, நரம்பு, முள் என்று மூன்றாகிவிடும். தண்ணீர் வெடித்து விரால் கவ்வியதும் தூக்கக்கூடாது. அது விழுங்கும்வரை கையை அடக்கி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் பல வருடப் பயிற்சி தேவைப்படுகிறது.

சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் இந்தியாவின் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். பெருநதிகளும் மலைப்பகுதிகளில் வாழும் பெரிய மீன்களும் அதில் முக்கியம். அதே மனிதர் 1887-இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். வீட்டுக்குப் பக்கத்துக் குளத்து மீனும் மெல்லிய கருவியோடு அணுகத் தக்கது என்று அவர் கருதியிருப்பது எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. ஜப்பானின் மலையோடைகளில் டென்காரா என்று ஒரு முறை இருக்கிறது. நீண்ட கம்பு, நுனியில் கட்டிய நரம்பு, ஒரு முள், ரீல் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியபோது, சாமான்களின் பாரத்தில் சலித்திருந்த பலர் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சின்னமனூர்ப் பக்கம் வந்தால் கரையில் நிற்பவரின் கம்பை வாங்கி ஒரு முறை உதறிப் பார்ப்பார்கள், பேச்சு தொடங்க அதுவே போதும்.

எல்லா நீருக்கும் இந்தக் கம்பு பொருந்தாது. மேகமலைக் காட்டோடைகள் 2021 முதல் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன, அங்கே தூண்டிலுக்கு வேலையில்லை. ஆற்றில் தோட்டா வீசுவதும் மருந்து கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆனாலும் அது எங்கேனும் நடந்துவிட்டால் அந்த மடுவில் குஞ்சுகூட மிஞ்சாது, எவ்வளவு நல்ல கம்பானாலும் அங்கே பயனில்லை. தேனிக்குக் கிழக்கே ஆறு வைகையோடு கலந்து, 1959-இல் திறக்கப்பட்ட 71 அடி வைகை அணையில் தேங்கும் இடத்தில் கணக்கே வேறு. கரை நாளுக்கு நாள் பின்வாங்கும், மீன் கம்புக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும்.

நீர்த்தேக்கங்களுக்கு உரிய கருவி இன்னொன்று. ஒரு காலி பாட்டில், அதன் உடலில் சுற்றிய நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, கட்லாவுக்குத் தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையைச் சுற்றிச் சில முட்கள். கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன், புழுவை அவ்வளவாகச் சட்டை செய்யாது. உருண்டை கரையும்போது அதை உறிஞ்ச வந்து முள்ளில் மாட்டும். அங்கே மீன்பிடி உரிமை அரசு ஏற்பாட்டில் இருப்பதால், அனுமதி உள்ள இடம் எது என்று கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். பாட்டிலின் வாயை நீர்ப்பக்கம் நீட்டிப் பிடித்து, ஈயத்தை வலது கையால் தலைக்கு மேல் சுழற்றி விட்டால், நரம்பு பாட்டிலின் கழுத்து வழியே சுற்றுச் சுற்றாக வழுகிப் பறக்கும். பாட்டில் அசையாது. 1905-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற ரீலும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. அசையாத உருளையின் முனை வழியே நரம்பு கழன்று போவதுதான் அதன் சூட்சுமம். கட்லா இழுக்கும்போது ரீலில் பிரேக் செய்கிற வேலையைப் பாட்டில்காரரின் கட்டைவிரல் செய்கிறது. எவ்வளவு விட வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்பது அந்த விரலுக்குத் தெரியும்.