குயில் தோப்பில் ஒரு சூனிய வழக்கு

புதுச்சேரிக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் கருவடிக்குப்பத்தையும் பார்த்து வருவதுண்டு. சித்தானந்த சுவாமிகள் கோயிலும் குயில் தோப்பும் அங்கேதான் உள்ளன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்தார். 'குயில் பாட்டு' இத்தோப்பில் பிறந்தது என்பர். அதைக் காதற்கதையாகப் படித்தவர் பலர். வேதாந்தம் கண்டவரும் உண்டு. ஒரு பெண்மீது விழுந்த பழியின் கதையாகவும் அதைப் படிக்கலாம். அறிவியல் பயிலும் நமக்கு அந்தப் படிப்பே அதிகப் பயன் தரும்.

பாடும் குயிலிடம் கவிஞன் மனம் பறிகொடுக்கிறான். மறுநாள் அது ஒரு குரங்கிடம் காதல் பேசுவதைக் காண்கிறான். அதற்கடுத்த நாள் ஒரு கிழமாட்டிடம். வஞ்சகி என்று முடிவு கட்டி வாளை உருவுகிறான். நான்காம் நாள் குயில் தன் முற்பிறப்பைச் சொல்கிறது. அப்போது அவள் மலைநாட்டு வேடர் தலைவனின் மகள் சின்னக்குயிலி. அவளை அடைய விரும்பிய மாடனும் குரங்கனும், அவள் சேர இளவரசனை நேசித்தது பொறாமல் அவனை வெட்டினர்; தாமும் மாண்டு பேயாயினர். தோப்பில் கண்ட காட்சிகள் அந்தப் பேய்கள் செய்த மாயமாம்!

கவிஞனிடம் இருந்த சான்று என்ன? கண்ணால் கண்டது, காதால் கேட்டது, அவ்வளவே. அது போதுமா? குயிலையே எடுத்துக்கொள்வோம். 'கூ' என்று இனிமையாகக் கூவுவது கருநிற ஆண்குயில். பெண்குயில் பழுப்பு நிறம், உடலெங்கும் வெண்புள்ளி. அதன் குரலும் வேறு. ஆயினும் கூவும் குயிலைப் பெண்ணென்றே நாம் நெடுங்காலமாகப் பாடி வருகிறோம். நாள்தோறும் கேட்கும் குரலிலேயே இவ்வளவு பிழை நேருமானால், சினத்தோடு பார்க்கும் காட்சியில் எவ்வளவு நேரும்!

பாட்டில் ஒரு குறையும் உண்டு. குயில்மேல் விழுந்த பழி நீங்குகிறது. ஆனால் ஆராய்ந்து நீங்கவில்லை. பழி பேய்களின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். சூனியம் என்ற நம்பிக்கை அசையாமல் அப்படியே நிற்கிறது.

இது வெறும் இலக்கியச் சர்ச்சை அன்று. குழந்தைக்குக் காய்ச்சல், மாடு சாவு, விளைச்சல் பொய்ப்பு என்று எது நேர்ந்தாலும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று அடித்துக் கொல்லும் கொடுமை நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தன. அசாம் சட்டமன்றம் 2015இல் சட்டம் இயற்றியது. பழிக்குப் பின்னால் விதவையின் நிலமோ, பழைய பகையோ இருப்பதைப் பல வழக்குகள் காட்டியுள்ளன. மாடனும் குரங்கனும் பேய்கள் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள்!

அசாமின் பீருபாலா ராபா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவருடைய மகன் நோயுற்றபோது, மூன்று நாளில் இறப்பான் என்றார் ஊர் மந்திரவாதி. மகன் இறக்கவில்லை. சொன்னது பொய்த்ததைப் பீருபாலா மறக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். பழி சுமத்தப்பட்ட பெண்கள் பலரைக் காப்பாற்றினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2024இல் மறைந்தார். பொய்த்த கணிப்பையும் கணக்கில் சேர்ப்பதே அறிவியல். மந்திரவாதி பலித்ததை மட்டும் சொல்வான். நாமும் அதை மட்டுமே நினைவில் வைக்கிறோம்.

பாரதியார் தம் பாட்டை முடிக்கும் இடம் மிகச் சிறப்பானது. கவிஞன் கண் விழிக்கிறான். சுற்றிலும் ஏடுகளும் எழுதுகோலும் பாயும் கிடக்கின்றன. தோப்பில் கண்டதெல்லாம் மாலை மயக்கத்தில் எழுந்த கற்பனை! வீசிய வாளும் கற்பனைதான். எனவே யாருக்கும் காயமில்லை.

ஊரார் ஓங்கும் தடி கற்பனையன்று. அது விழுவதற்கு முன்பே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.