நீலம் கிடைக்காத கிண்ணம்

2015 டிசம்பரில் அமெரிக்கக் கடைகளில் ஒரு மாற்றம் ஓசையில்லாமல் நடந்தது. கிராஃப்ட் நிறுவனம் தன் மக்ரோனி சீஸ் பெட்டியிலிருந்து மஞ்சள் 5, மஞ்சள் 6 என்ற இரண்டு செயற்கைச் சாயங்களை எடுத்துவிட்டுப் பாப்ரிகா, அன்னாட்டோ விதை, மஞ்சள் ஆகியவற்றால் நிறமூட்டியது. மாற்றப்போகிறோம் என்று ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. மாற்றிய நாளை மட்டும் சொல்லவில்லை. ஐந்து கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்றுத் தீர்ந்த பிறகு, 2016 மார்ச்சில், ஒருவருமே கவனிக்கவில்லை பாருங்கள் என்று அதையே விளம்பரமாக்கியது.

அதே குளிர்காலத்தில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் டிரிக்ஸில் கைவைத்தது. டிரிக்ஸ் என்பது பழ நிறங்களில் வரும் மக்காச்சோளத் தானிய உணவு. குழந்தைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவது. முள்ளங்கி, ஊதாக் கேரட், மஞ்சள் என்று புதிய நிறங்கள் வந்தன. நீலமும் பச்சையும் காணாமல் போயின, எஞ்சியவையும் மங்கல். வாங்கியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். சாயம் வெளுத்துப்போவது என்று நாம் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது. 2017 இலையுதிர் காலத்தில் பழைய சாயம் போட்ட டிரிக்ஸ் மீண்டும் அலமாரிக்கு வந்தது.

முதலாவதை வெற்றி என்றும் இரண்டாவதைத் தோல்வி என்றும் சொல்வது வழக்கம். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. இரண்டிலும் வாங்குபவர் வைத்த தேர்வு ஒன்றே: கண்ணுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. ஆரஞ்சு கலந்த மஞ்சளைச் செடிகள் தாராளமாகத் தருவதால் கிராஃப்ட் தேறியது. நீலத்தைத் தராததால் டிரிக்ஸ் தவறியது.

நீலம் ஏன் கிடைப்பதில்லை? சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நீலம் கண்ணெதிரே ஊதாவாகிவிடும். செம்முட்டைக்கோஸிலும் ஊதாக் கேரட்டிலும் இருக்கும் ஆந்தோசயனின்களுக்கும் இதே குணம்: புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஸ்பைருலினாப் பாசியின் நீலம் சூட்டுக்கும் புளிப்புக்கும் தாங்காது. பீட்ரூட்டின் சிவப்பு சூட்டில் பழுப்பேறும், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். தார் எண்ணெய் வழி வந்த சாயங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சிட்டிகை போதும், விலையும் மலிவு. 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் உணவுத் தொழில் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. அதற்கு முன்பு இங்கிலாந்தின் மிட்டாய்களில் ஈயமும் பாதரசமும் தாமிர ஆர்சனைட்டும்கூட நிறத்துக்காகவே கலந்திருந்தன.

மாற்றத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் இதழில் வந்தது. சில சாயங்களோடு சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த குழந்தைகளில் துறுதுறுப்பு கூடியதாக அது சொன்னது. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லை, சாயமா பென்சோயேட்டா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாயத்தால் கிடைக்கும் ஊட்டம் என்று ஒன்றும் கிடையாது. பயனே இல்லாத ஒன்றுக்காகச் சிறிய ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு நிறுவனங்களிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆய்வில் இருந்த ஆறு சாயங்களைத் தடை செய்யவில்லை. 2010 ஜூலை முதல், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்றது, அவ்வளவுதான். அந்த வரியை எந்த நிறுவனம் விரும்பி அச்சிடும்? பலவும் சாயத்தையே மாற்றிக்கொண்டன. அமெரிக்கா வேறு வழியில் போனது. எலிகளில் தைராய்டு கட்டி உண்டாக்கியதென்று 1990இல் அழகுப் பொருள்களில் தடையான சிவப்பு 3, உணவில் 35 ஆண்டு நீடித்து, 2025 ஜனவரியில்தான் அனுமதி இழந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மற்ற சாயங்களையும் கைவிடுமாறு அரசு கேட்டுக்கொண்டது. பெரும்பாலும் வேண்டுகோள்தான், கட்டாயம் இல்லை. ஐரோப்பாவின் அந்த ஒற்றை வரி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பேன்.

இயற்கை என்ற சொல்லை அப்படியே நம்பிவிட முடியாது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவில் செயற்கைச் சாயத்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைக்குப் போய்ச் சான்று பெற வேண்டும். தாவர, பூச்சி நிறங்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு! வங்கதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட் பூசியதை 2019இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் தாங்களே சோதித்து வாங்குகின்றன என்றாலும், அந்தச் சோதனையின் காவலரும் அவர்களே. கார்மைன் என்ற சிவப்பு கள்ளிப்பூச்சியை நசுக்கி எடுப்பது. ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 பூச்சிகள். சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவதால், 2011 முதல் அதைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டியதாயிற்று. சைவ உணவுக்காரர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து 2012இல் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் அதை விட்டுத் தக்காளிச் சிவப்புக்கு மாறியது.

சீஸின் கதை இதைவிடச் சுவை. வெயில் காலத்துப் புல் மேய்ந்த பசுவின் கொழுப்புப் பாலில்தான் சீஸ் இயல்பாக மஞ்சளிக்கும். வெண்ணெய்க்காக ஆடையை எடுத்துவிட்டால் வெளிறிவிடும். பழைய இங்கிலாந்தில் அந்த வெளிறலை மறைக்கக் குங்குமப்பூவும் சாமந்தியும் கேரட் சாறும், பிறகு அன்னாட்டோவும் கலந்தார்கள். எல்லாம் அசல் இயற்கை, நோக்கம் மட்டும் ஏமாற்று. கிராஃப்ட் திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் அதே அன்னாட்டோவிடம்தான். (நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேசரிப் பவுடர் போடாத கேசரியைக் கல்யாணப் பந்தியில் வைத்தால், இனிப்பு உப்புமாவா என்று கேட்பார்கள்.)

2025 ஜூனில் ஜெனரல் மில்ஸ் மறுபடி அறிவித்தது: 2026 கோடைக்குள் அமெரிக்காவில் விற்கும் எல்லாத் தானிய உணவுகளிலும் செயற்கைச் சாயம் போய்விடும். இம்முறை நீலத்துக்குத் தட்டுப்பாடு இருக்காது. முந்தைய மாதம்தான் கால்டீரியா என்ற பாசியின் நீலத்துக்கு அனுமதி கிடைத்தது. நம் வேலியோரச் சங்குப்பூவைக் காலைத் தானிய உணவில் சேர்க்கவும் இசைவு வந்தது. டிரிக்ஸ் பெட்டியின் உட்பொருள் பட்டியலில் மக்காச்சோளத்துக்கு அடுத்த இடம் சர்க்கரைக்கு. அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி எந்தச் சாய விதியும் கேட்கப்போவதில்லை.